ஹாம்ப்டன் 2009, சிகாகோ 2015: மீண்டும் சேர்ந்த குழுவை எந்த இரவில் கேட்பது?

பிரிந்துபோன ஒரு ஜாம் இசைக்குழு மீண்டும் மேடையேறப் போகிறது என்ற செய்தி வந்ததும், முதல் இரவிலேயே அரங்கத்துக்குள் இருந்துவிட வேண்டும் என்ற ஆசைதான் அதன் ரசிகருக்கு முதலில் எழும். ஆசை இயல்பானது. ஆனால் அதற்குச் செலவாகும் பணத்துக்கும் விடுப்புக்கும் ஈடான இசை அந்த இரவில் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. 2009 மார்ச்சில் வர்ஜீனியா மாநிலத்தின் ஹாம்ப்டன் நகரில் ஃபிஷ் குழு நடத்திய மூன்று இரவுகளையும், 2015 ஜூலையில் சிகாகோவில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் எஞ்சிய உறுப்பினர்கள் நடத்திய மூன்று இரவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்தக் கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கிறது. முதல் பரபரப்பை விட்டுவிட்டு, சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வரும் ஒரு சாதாரணச் சுற்றுப்பயண இரவுக்குப் போவது மூன்றாவது வழி. அதற்கு உரிய மதிப்பை ரசிகர்கள் பெரும்பாலும் தருவதில்லை.

ஜாம் குழுவின் கச்சேரி பிற ராக் கச்சேரிகளிலிருந்து வேறுபடுவதால்தான் இந்தத் தேர்வே சிக்கலாகிறது. பாடல்களின் வரிசை ஒவ்வோர் இரவும் மாறும். இசைத்தட்டில் ஐந்து நிமிடம் ஓடும் பாடல் மேடையில் இருபது நிமிடத்துக்கு விரியும். அந்த விரிவு எந்தத் திசையில் போகும் என்பது வாசிப்பவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது. கர்நாடக இசைக் கச்சேரியில் கீர்த்தனையின் கட்டுக்கோப்பு அப்படியே நிற்க, நிரவலும் கற்பனாஸ்வரமும் அன்றைய மனோதர்மத்தைப் பொறுத்து வளர்வதோடு இதை ஒப்பிடலாம். ஆனால் இங்கே முதன்மைக் கலைஞர், பக்கவாத்தியம் என்ற பிரிவு இல்லை. நான்கைந்து பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கேட்டபடியே கற்பனை செய்தாக வேண்டும். அந்தக் கேட்கும் பழக்கம் தொடர்ந்து சேர்ந்து வாசிப்பதால் மட்டுமே வருவது. இடைவெளி விழுந்தால் முதலில் கெடுவதும் அதுதான்.

1983இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபிஷ் குழுவில் ட்ரே அனஸ்டாசியோ கிட்டாரும், மைக் கார்டன் பேஸ் கிட்டாரும், பேஜ் மெக்கானல் கீபோர்டும், ஜான் ஃபிஷ்மன் டிரம்ஸும் வாசிக்கிறார்கள். 2000 அக்டோபரில் ஓய்வெடுத்துக்கொண்ட அந்தக் குழு 2002 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் திரும்பி வந்தது. அந்தத் திரும்புதல் நிலைக்கவில்லை. 2004 ஆகஸ்டில் வெர்மான்ட்டின் கவென்ட்ரியில் நடந்த இறுதி விழாவில் மழையால் திடலெல்லாம் சேறாகி, வாகனங்களை உள்ளே விட முடியாமல் போனது. வந்துகொண்டிருந்தவர்களைத் திரும்பிப் போகும்படி வானொலியில் கேட்டுக்கொண்ட பிறகும், பலர் கார்களை நெடுஞ்சாலை ஓரத்திலேயே விட்டுவிட்டு மைல்கணக்கில் நடந்து போனார்கள். அப்படிப் போனவர்கள் கேட்டது தடுமாற்றம் மிகுந்த வாசிப்பு. 2006 டிசம்பரில் அனஸ்டாசியோ போதைப்பொருள் வழக்கில் கைதாகி, நீதிமன்றக் கண்காணிப்பில் சிகிச்சை பெற்று மீண்டார். 2008 அக்டோபரில் மீண்டும் சேரும் அறிவிப்பு வந்தபோது, இவர்களால் பழையபடி வாசிக்க முடியுமா என்ற அச்சமும் ரசிகர்களின் மகிழ்ச்சியோடு கலந்திருந்தது.

2009 மார்ச் 6 அன்று ஹாம்ப்டன் கொலிசியத்தில் அவர்கள் முதலில் எடுத்த பாடலே அந்த அச்சத்துக்குப் பதிலாக அமைந்தது. ‘ஃப்ளஃப்ஹெட்’ 2000க்குப் பிறகு மேடையில் வாசிக்கப்படாத பாடல். பல பகுதிகளாக எழுதப்பட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் நால்வரும் ஒரே நொடியில் சேர வேண்டிய, ஒளிந்துகொள்ள இடம் தராத உருப்படி. ஒத்திகை பார்க்காத குழு அதைத் தொடவே தொடாது. மூன்று இரவுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை அவர்கள் வாசித்தார்கள். அந்த எண்ணிக்கையிலேயே ஒரு குறையும் இருக்கிறது: இத்தனை பாடல்கள் மூன்று இரவுகளுக்குள் அடங்க வேண்டுமானால், எதுவும் மிக நீண்டு விரிய இடமில்லை. பதிவுகளைக் கேட்டால் இது புலப்படும். எழுதிவைத்த பகுதிகள் துல்லியமாக இருக்கின்றன. எழுதாத பகுதிகளில் எச்சரிக்கை தெரிகிறது. நீண்ட ஜாமுக்காகவே இந்தக் குழுவைப் பின்தொடர்ந்தவருக்கு அது சற்று ஏமாற்றமே. கவென்ட்ரியின் கடைசி நினைவோடு இருந்தவருக்கோ, வேறெதையும் விட அந்தத் துல்லியம்தான் அப்போது தேவைப்பட்டது.

சிகாகோவின் நிலைமை அடிப்படையிலேயே வேறு. கிரேட்ஃபுல் டெட் குழுவின் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்ட் 9 அன்று இறந்தார். அவர் வாசித்த கடைசிக் கச்சேரி அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜூலை 9 அன்று, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்து பாப் வியர், ஃபில் லெஷ், மிக்கி ஹார்ட், பில் க்ராய்ட்ஸ்மன் ஆகிய நால்வரும் அதே மைதானத்தில், குழுவின் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி, சேர்ந்து வாசிக்கும் கடைசி நிகழ்ச்சிகள் என்று அறிவித்து மேடையேறினார்கள். கார்சியாவின் இடத்தில் கிட்டார் வாசிக்க வந்தவர் வேறு யாருமல்ல, ஃபிஷ் குழுவின் ட்ரே அனஸ்டாசியோ. 1990களின் தொடக்கத்தில் டெட் குழுவோடு நூறு கச்சேரிகளுக்கு மேல் வாசித்திருந்த புரூஸ் ஹார்ன்ஸ்பி பியானோவிலும், ஜெஃப் சிமென்டி கீபோர்டிலும் அமர்ந்தார்கள். ஜூலை 3 அன்று முதலில் ஒலித்தது, ஃபில் லெஷ் பாடிய ‘பாக்ஸ் ஆஃப் ரெயின்’. 1995இல் அதே மேடையில் கார்சியாவோடு வாசித்த கடைசிப் பாடலும் அதுவே. விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறோம் என்று ஒரு சொல்லும் பேசாமல் அவர்கள் தெரிவித்துவிட்டார்கள்.

ஆக, இரண்டு குழுக்களும் முதல் பாடலைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தன. ஆனால் ஃபிஷ் தேர்ந்தெடுத்தது ஒரு தேர்வுத் தாளை, டெட் தேர்ந்தெடுத்தது ஒரு நினைவை. என் பார்வையில் இரண்டு மறுகூடல்களையும் பிரிக்கும் கோடு இதுதான். ஹாம்ப்டனில் மேடையில் நின்ற நால்வரும் 1985 முதல் ஒன்றாக வாசித்து வந்தவர்கள். அந்தக் கோடையிலேயே, மே 31 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானத்தில், சுற்றுப்பயணத்தைத் தொடங்கிவிட்டார்கள். சிகாகோவில் நின்ற எழுவர் அதற்கு முன்போ பின்போ ஒரு குழுவாக இயங்கியவர்கள் அல்லர். அனஸ்டாசியோ மாதக்கணக்கில் பயிற்சி செய்து, கார்சியாவைப் பிரதி எடுக்காமலும் அவருடைய ராகப்போக்கை விட்டு விலகிப்போகாமலும் வாசித்தது பாராட்டுக்குரிய வேலை. இருந்தும், ஒருவர் எடுத்த திருப்பத்தை மற்றவர் ஒரு கணம் தாமதித்துப் புரிந்துகொள்ளும் தருணங்கள் அங்கே அடிக்கடி வருகின்றன. அதற்கு முந்தைய வாரம், ஜூன் 27, 28 நாள்களில், கலிபோர்னியாவின் சான்டா கிளாராவில் இரண்டு இரவுகள் வாசித்திராவிட்டால் சிகாகோவில் அந்தத் தயக்கம் இன்னும் கூடுதலாகத் தெரிந்திருக்கும். இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடமும் கிடைக்கிறது: மறுகூடல் தொடரில் ஓர் இரவுக்கு மட்டுமே போக முடியும் என்றால் முதல் இரவைத் தவிர்ப்பது நல்லது.

தாளப் பகுதியைப் பொறுத்தவரை சிகாகோவின் கை ஓங்கியிருந்தது. டிரம்ஸ் கலைஞர்களான ஹார்ட்டும் க்ராய்ட்ஸ்மனும் இரண்டாம் பாதியின் நடுவே மற்றவர்களை அனுப்பிவிட்டு இருவராக வாசிக்கும் பகுதி டெட் கச்சேரிகளின் நிலையான அங்கமாக இருந்தது. தமிழ் வாசகருக்கு அதில் தனி ஆர்வம் இருக்கலாம்; மிக்கி ஹார்ட் 1991இல் வெளியிட்ட ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் ஜாகிர் உசேனோடு கடம் விக்கு விநாயக்ராமும் வாசித்திருக்கிறார், சிறந்த உலக இசைத் தொகுப்புக்கான கிராமி விருதை முதன்முதலாகப் பெற்றதும் அந்தத் தொகுப்புதான். இந்திய லய மரபோடு அத்தனை ஆண்டுகள் பழகிய ஒருவர் எழுபது வயதைத் தாண்டிய பிறகு, எழுபதாயிரம் பேர் முன்னால் வாசித்ததை நேரில் கேட்பதற்கு ஹாம்ப்டனில் இணையான ஒன்று இல்லை. ஃபிஷ்மன் சிவப்பு வளையங்கள் அச்சிட்ட கவுனை அணிந்துகொண்டு வாசிப்பது கண்ணுக்கு வேடிக்கை. ஆனால் அவர் குழுவுக்குள் கரைந்து வாசிப்பவர், தனியே நிற்க விரும்பாதவர்.

இடத்தைப் பற்றிப் பேசினால் ஹாம்ப்டனுக்குப் போட்டியே இல்லை. 1970இல் திறக்கப்பட்ட அந்த வட்ட அரங்கத்தை, அதன் விண்கலம் போன்ற தோற்றத்தால், ரசிகர்கள் தாய்க்கலம் என்று அழைக்கிறார்கள். ஏறத்தாழ 13,800 பேர் அதில் கொள்வர். ஃபிஷ் அங்கே வாசிக்கும்போது இருக்கை எண் கிடையாது. முன்னால் வந்தவருக்கு முன்னிடம். க்ரிஸ் குரோடா ஒவ்வோர் இரவும் இசையைக் கேட்டு அப்போதைக்கப்போது அமைக்கும் ஒளியமைப்பு, கூரையுள்ள அரங்கத்தில் மட்டுமே முழுமையாக எடுபடும். மைதானத்திலோ ஒலிக்கும் காட்சிக்கும் இடையிலேயே பிளவு விழுகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், மேடையிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால் நிற்பவருக்கு டிரம்ஸில் குச்சி விழுவது தெரிந்து நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் கழித்தே மேடையின் ஒலி வந்து சேரும். அதைச் சரிக்கட்டத் தனி ஒலிபெருக்கிக் கோபுரங்கள் வைப்பார்கள். ஆனாலும் நுணுக்கமான கூட்டு வாசிப்பைக் கேட்க அது ஏற்ற இடமல்ல. டெட் போன்ற குழுவுக்கு மைதானம் கூட்டத்தைத் தருகிறது, அதே அளவு இசையை எடுத்துக்கொள்கிறது.

சீட்டு விஷயத்தில் இரண்டுமே கொடுமைதான். ஹாம்ப்டன் சீட்டுகள் இணையத்தில் நிமிடங்களுக்குள் தீர்ந்து, மறுவிற்பனையில் பல மடங்கு விலைக்குப் போயின. சிகாகோவுக்கு, 1980களில் குழுவே தொடங்கிய அஞ்சல் முறை மீண்டும் கொண்டுவரப்பட்டது. உறையின் அளவு முதல் உள்ளே வைக்க வேண்டிய அட்டையும் பண அஞ்சலும் வரை விதிகளை அச்சுப் பிசகாமல் பின்பற்றி, உறையின் மேல் வண்ணப் படம் வரைந்து அனுப்பியவர்கள் அறுபதாயிரம் பேருக்கும் மேல். பெரும்பாலோருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. எனினும் வரைந்து அனுப்பும் அந்த முறையில், இயந்திரங்கள் வரிசையில் முந்தும் இணைய விற்பனையில் இல்லாத ஒரு மரியாதை இருந்தது.

இனி, காத்திருக்கும் வழி. ஹாம்ப்டனில் எச்சரிக்கையோடு வாசித்த அதே ஃபிஷ் குழு, 2013 ஜூலை 31 அன்று நெவாடாவின் தாஹோ ஏரிக்கரையில் ‘ட்வீசர்’ என்ற ஒரே பாடலை முப்பத்தாறு நிமிடங்களுக்கும் மேல் விரித்தது. இடையில் குழு நிறுத்தும் இடங்களில் கூட்டம் கூவி, அந்தக் கூவலும் இசையின் பகுதியாயிற்று. 2017 கோடையில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பதின்மூன்று இரவுகள் வாசித்து, ஒரு பாடலைக்கூடத் திரும்ப வாசிக்காமல் 237 பாடல்களைக் கடந்தது. இவற்றில் ஓர் இரவையாவது நேரில் கேட்டவர், ஹாம்ப்டனைத் தவறவிட்டதற்காக வருந்த வேண்டியதில்லை. அந்த வாய்ப்பு டெட் ரசிகருக்கு வேறு வடிவில் வந்தது: 2015 அக்டோபரிலேயே வியர், ஹார்ட், க்ராய்ட்ஸ்மன் மூவரும் கிட்டார் கலைஞர் ஜான் மேயரைச் சேர்த்துக்கொண்டு டெட் அண்ட் கம்பெனி என்ற பெயரில் கிளம்பிவிட்டார்கள். கடைசி என்று நம்பி ஜூலையில் பெரும்பணம் கொடுத்தவர்களுக்கு இது எரிச்சலூட்டியது. லெஷ் அதில் சேராததால் நால்வரும் சேரும் கடைசி முறை என்ற அறிவிப்பு பொய்யாகவில்லை என்பது உண்மைதான், ஆனால் அது வழக்கறிஞர் பேசும் உண்மை.

வீட்டிலிருந்தே கேட்பதையும் ஒதுக்கிவிட முடியாது. ஹாம்ப்டனின் மூன்று இரவுகளையும் ஃபிஷ் இலவசமாகவே தரவிறக்கத்துக்குக் கொடுத்தது. சிகாகோ கட்டண நேரலையாகவும் வந்தது. ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்வதற்கென்றே 1984இல் தனி இடம் ஒதுக்கிய குழு டெட். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் வாசித்த கச்சேரியின் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுத் தொகுப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. இசை மட்டுமே வேண்டும் என்பவருக்கு எந்த மறுகூடல் சீட்டும் அந்தப் பதிவைவிட மேலானதைத் தரப்போவதில்லை.

எனவே தேர்வு, குழு எதற்காகச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய உறுப்பினர்கள் அனைவரும் இருந்து, தொடர்ந்து வாசிக்கும் எண்ணத்தோடு சேர்கிறார்கள் என்றால், அருகிலுள்ள சிறிய அரங்கத்தில் ஆறு மாதம் கழித்து அவர்கள் வாசிக்கும் இரவைத் தேடிப்போவதே இசைக்கு நல்லது. முதல் இரவுக்கு மறுவிற்பனைக்காரரிடம் பல மடங்கு கொடுப்பது வீண். விடைபெறுவதற்காகச் சேர்கிறார்கள் என்றால் காத்திருப்பதில் பொருளில்லை. மைதானமானாலும், ஒலி தாமதித்து வந்தாலும், வாசிப்பில் தயக்கம் இருந்தாலும் போய்விட வேண்டும். சிகாகோ அப்படிப்பட்டது. ஆனால் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சீட்டு தருவார்கள் என்றால், நான் ஹாம்ப்டனின் இரண்டாம் இரவைத்தான் கேட்பேன். முதல் இரவின் பதற்றம் நீங்கி, அந்த நால்வரும் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கியிருப்பார்கள்.