ஸ்க்வீஸி செயலி: பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தளத் தசைப் பயிற்சிக்கு

கருப்பை, சிறுநீர்ப்பை, குடலைக் கீழிருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசை. அதை இறுக்கித் தளர்த்திப் பழக, பிரிட்டனின் பிசியோதெரபிஸ்டுகள் வடிவமைத்த செயலி இது. ஒரு சுற்றில் 10 நீண்ட இறுக்கம், ஒவ்வொன்றும் 10 விநாடி; பிறகு 10 குறுகிய இறுக்கம். நாளுக்கு 3 சுற்று. நேரம் வந்ததும் நினைவூட்டும். கைக்குழந்தையோடு தூக்கம் கெட்டுக் கிடக்கும் தாய்க்கு, கொடுத்த காசு அந்த நினைவூட்டலுக்கே தகும்.

ஆனால் எடுத்த எடுப்பில் 10 விநாடி பலருக்கும் தாங்காது. 3, 4 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். தசை சரியாக இறுகுகிறதா என்பது செயலிக்குத் தெரியாது. பெரிய குறை இதுதான். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல, ஆசனவாயிலிருந்து முன்பக்கமாக உள்ளே, மேலே இழுக்க வேண்டும். மூச்சைப் பிடித்து முக்கினால் வயிறு புடைக்கும், தசை ஏறாமல் கீழே அழுந்தும். ஒவ்வொரு இறுக்கத்துக்கும் பின் முழுசாகத் தளர்த்துங்கள். 3 மாதமாவது தொடர வேண்டும். கீழே ஏதோ இறங்குவதுபோல் கனத்தால், செயலியை நம்பிக் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.