அமெரிக்காவில் கூலி உயர்வு: காங்கிரஸ் வழியா, மாநில வாக்கெடுப்பா?

அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009க்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை, இது அநியாயம். சரி, உயர்த்த எந்த வழியில் போராடுவது: காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் போட வைப்பதா, மாநில மக்களே நேரடியாக வாக்களித்துச் சட்டம் கொண்டுவரும் வாக்கெடுப்பா?

எளிமை:
காங்கிரஸ்: அதன் மேலவையான செனட்டில் பெரும்பாலும் 60 வாக்கு வேண்டும்.
வாக்கெடுப்பு: 2020இல் புளோரிடா மாநிலத்தில் டிரம்ப் ஜெயித்த அதே தேர்தலில் அங்குள்ள மக்கள் 15 டாலருக்குச் சுமார் 61 சதவீத ஆதரவு தந்தார்கள்.

பரப்பு:
காங்கிரஸ்: நாடு முழுக்க.
வாக்கெடுப்பு: அந்த மாநிலம் மட்டும்.

நிலைப்பு: இங்கேதான் கவனம் வேண்டும். மிசௌரியில் 2024இல் மக்கள் கூலி உயர்வோடு சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பையும் சேர்த்தே நிறைவேற்றினார்கள், ஆனால் அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம் அந்த விடுப்பை ரத்து செய்துவிட்டது. புளோரிடாவில் மாநில அரசியலமைப்புத் திருத்தமாகக் கொண்டுவந்ததால் சட்டமன்றம் தானாக அதை நீக்க முடியாது.

வாக்கெடுப்புக்கு இடமுள்ள மாநிலத்தில் அதையே பிடியுங்கள், முடிந்தால் திருத்தமாகவே. டெக்ஸாஸ், ஜார்ஜியாவில் மக்களே கையெழுத்துத் திரட்டிச் சட்டம் கொண்டுவர வழியில்லை. மாநில ஆட்சி அசையாதவரை அங்குள்ள தொழிலாளிக்குக் காங்கிரஸ்தான் கதி.