பூஞ்சை எடுக்கக் கொடுத்தது என் லென்ஸ், திரும்பி வந்தது எவனுடையதோ: 62,000 ரூபாய் போச்சு

நீலகிரியில் கேமரா வைத்திருக்கிற எல்லாரும் தயவுசெய்து படியுங்கள். நேற்று சாயந்திரம்தான் உறுதியானது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, ஆத்திரம் அடங்கவில்லை.

என்னுடையது 100-400 எம்.எம். ஜூம் லென்ஸ். பில் தொகை 62,000 ரூபாய். கல்யாணம், காதுகுத்து, சீர் என்று ஆர்டர் ஆர்டராக ஓடிச் சேர்த்த காசு. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மூட்டம் இறங்கினால் பீரோவுக்குள் இருக்கிற துணியே நமத்துப்போகும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றாலே லென்ஸுக்குள் பூஞ்சை வர வாய்ப்பு உண்டு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டுத்தான் வைத்திருந்தேன். அப்படியும் முன்கண்ணாடிக்குப் பின்னால் சிலந்தி நூல் மாதிரி ஓர் இழை தெரிந்தது.

மலையிலேயே இருக்கிற ஒரு கேமரா சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். பேர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் லென்ஸைக் கையில் வாங்கிய விதத்தைப் பார்த்தே நம்பிவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, என்னையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கண்ணா, இப்பத்தான் ஓரத்துல பிடிச்சிருக்கு. இதுல சுரக்கிற அமிலம் கோட்டிங்க அரிச்சிருச்சுன்னா அப்புறம் துடைச்சாலும் தடம் போகாது. நல்ல நேரத்துல வந்தீங்க." சொன்னது அத்தனையும் உண்மை. தொழில் தெரிந்தவர், அதனால்தான் வயிறு எரிகிறது.

ரசீதில் "லென்ஸ் 1, பங்கஸ் கிளீனிங்" என்று மட்டும் எழுதினார். சீரியல் நம்பரையும் எழுதுங்கள் என்று வாய் திறந்து கேட்டேன். "நம்ம கடைல அதெல்லாம் எதுக்குங்ணா, உங்க முகம் தெரியாதா?" என்று சிரித்தார். எனக்கு அப்புறம் வந்த ஒரு பெரியவருக்கு டீ சொன்னார், எனக்கும் சேர்த்து.

சொன்ன தேதி தள்ளித் தள்ளிப் போய், ஒரு வழியாக லென்ஸ் கைக்கு வந்தது. ஜூம் வளையத்தைத் திருப்பினால் பாதியில் கரகரவென்று பிடித்தது. என் லென்ஸ் வழுக்கிக்கொண்டு போகும். பின்கண்ணாடியில் நகத்தால் இழுத்த மாதிரி ஒரு கீறல். திருப்பி நம்பரைப் பார்த்தேன், பில்லில் இருக்கிற நம்பர் இல்லை!

முதலில், "வெளி பேரல் மாத்தினோம்ணா, அதனால நம்பர் மாறும்" என்றார். வீட்டுக்கு வந்து, பழைய போட்டோ ஃபைல்களையும் இப்போது எடுத்த ஒன்றையும் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். என் கேமரா ஒவ்வொரு படத்தின் எக்ஸிஃப் விவரத்திலும் (ஃபைலுக்குள்ளேயே பதிவாகிற தகவல்) லென்ஸின் சீரியல் நம்பரைப் பதிந்து வைக்கிறது. அது லென்ஸின் உள்ளே இருக்கிற போர்டு சொல்கிற நம்பர், வெளி பேரலை மாற்றினால் மாறாது. அதுவும் வேறாக இருந்தது. முழு லென்ஸையே மாற்றிவிட்டார்கள்.

அதைச் சொன்னதும் பேச்சு மாறியது. "வேலைய கோயம்புத்தூருக்கு அனுப்பினோம், அங்கதான் கேக்கணும்." கோயம்புத்தூரில் யார்? "பையன் லீவு, அவன் வந்தாத்தான் தெரியும்." அப்புறம் போனே எடுக்கவில்லை. நேரில் போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறார். நேற்று கடைசியாகச் சொன்னது: "62,000 ரூபாய் லென்ஸுங்கிறீங்க, எங்கிட்ட கொடுத்தது அதுதான்னு ரசீதுல இருக்கா?" முகம் தெரியாதா என்று சிரித்த அதே வாய்!

போலீஸில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) வாங்கிவிட்டேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்தாயிற்று. அடுத்து ஊட்டி நுகர்வோர் ஆணையம். கொடுத்த காசு 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். 62,000 ரூபாயை நான் விடப்போவதில்லை.

மழைக்காலத்தில் கேமராவைப் பாதுகாப்பது பற்றி விரிவாக எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கெல்லாம் மனசு இல்லை. அவசரத்துக்கு இது மட்டும்: ரசீதில் சீரியல் நம்பர் எழுதாத கடையில் எதையும் விட்டுவராதீர்கள், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும். கொடுக்கும்போது நம்பர் தெரிய, கடை மேஜை மேல் வைத்தே போட்டோ எடுங்கள். நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் வறுக்காமல் திரும்பப் போடாதீர்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விடுங்கள். பூஞ்சையே வராவிட்டால் இவர்கள் கடைப் படி ஏற வேண்டியதில்லை.

சீரியல் நம்பர் 417 என்று முடிகிற 100-400 லென்ஸை ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம், கோவையில் யாராவது செகண்ட் ஹேண்டில் விற்க வந்தால் வாங்காதீர்கள். எனக்குத் தகவல் சொல்லுங்கள், ஒரிஜினல் பில் என் கையில் இருக்கிறது.