பிரீஃபேப் வீடு வாங்கப் போகிறீர்களா? லாரி வந்து நின்ற பிறகு நீளும் பில்லைப் பற்றி

தோட்டத்திலோ சொந்த ஊரிலோ பிரீஃபேப் வீடு (பட்டறையில் செய்து லாரியில் கொண்டுவந்து வைப்பது), கன்டெய்னர் வீடு போடலாம் என்று கொட்டேஷன் வாங்கி வைத்திருப்பவர்கள் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் இதை ஒரு முறை முழுவதும் படித்துவிடுங்கள். எங்களிடம் 2,97,478 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். அதில் முதல் ஒரு லட்சத்தைக் கேட்ட இடம் ஆபீஸ் இல்லை. வீடு பாதி லாரியில், பாதி தரையில் இருக்கும்போது, தோப்பு வாசலில் வைத்துக் கேட்டார்கள்.

நத்தம் பக்கம் அப்பாவுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு இருக்கிறது. அவருக்கு 71 வயது. மதுரை வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளாது, வாரத்தில் நாலு நாள் தோப்பில்தான் இருப்பார். அங்கே இருந்த ஓட்டு வீடு இடிந்து போனதால், செங்கல் வைத்துக் கட்டினால் எட்டு மாதம் ஆகும், இதுவே மூன்று மாதத்தில் வந்துவிடும் என்று பிரீஃபேப் பக்கம் போனோம். கோவையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு நிறுவனம். வழக்கு நடப்பதால் பெயர் எழுதவில்லை.

எட்டு அடி அகலம், முப்பது அடி நீளத்தில் இரண்டு பாகம். பட்டறையில் செய்து, லாரியில் கொண்டுவந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தால் 480 சதுர அடி வீடு. சதுர அடி 1,750 ரூபாய். மொத்தம் 8,40,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 9,91,200. இதில் 50 சதவீதம் அட்வான்ஸ், வண்டி ஏற்றும் முன் 40 சதவீதம், வீட்டை ஒப்படைத்த பிறகு 10 சதவீதம். ஜனவரியில் புக் செய்தோம்.

கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'போக்குவரத்து, கிரேன் ஆகும் செலவுப்படி.' 'சைட் வேலைகள் வாடிக்கையாளர் பொறுப்பு.' நான் இரண்டையும் படித்தேன். படித்துவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த பையனிடம் "சைட் வேலைன்னா என்னங்க?" என்று கேட்கவும் செய்தேன். "பேஸ்மென்ட் போடுறது, தண்ணி லைன் இழுக்குறது, அவ்வளவுதான் மேடம். மத்தது எல்லாம் நாங்க பார்த்துக்குவோம்" என்றான். அதை எழுதி வாங்கவில்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்த எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஒரு இடம்தான்.

அஸ்திவாரத்துக்கு வரைபடம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மூன்று வரிசையில் வரிசைக்கு நான்காகப் பன்னிரண்டு தூண், தூணுக்குத் தூண் பத்து அடி. எங்கள் ஊர்க் கொத்தனார் அண்ணன் அதைக் கடையில் பிரிண்ட் எடுத்துவரச் சொல்லி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலை செய்தார். மட்டம், அளவு எதிலும் குறை இல்லை.

சித்திரை மாதம் லாரி வந்தது. நத்தம் பக்கம் அது மாங்காய் சீசன் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் தோப்புக்குப் போகிற பாதை ஒரு வண்டிப் பாதை. அதே பாதையில்தான் உள்ளே இருக்கிற தோப்புக்காரர்கள் எல்லோரும் மாங்காய் ஏற்றிப் போகவேண்டும். முதல் பாகத்தை ஹைட்ரா கிரேன் தூக்கிக்கொண்டு வந்து தூண்களுக்கு மேலே நிறுத்தியபோது, வீட்டுக்கு அடியில் இருக்கிற குறுக்குச் சட்டங்கள் தூணுக்கு நேராக வரவில்லை. முதல் தூணும் கடைசித் தூணும் சரி. நடுவில் இருக்கிற இரண்டும் வெறும் இடத்துக்குக் கீழே நின்றன.

"பேஸ்மென்ட் தப்பாப் போட்டிருக்காங்க மேடம்" என்றார் அவர்களுடைய சூப்பர்வைசர், டேப்பைக் கையில்கூட எடுக்காமல்.

கொத்தனார் அண்ணன் பையிலிருந்து தாளை எடுத்தார். "பாப்பா, இந்த நுனியைப் பிடிங்க" என்று டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொரு தூணாக அளந்தார். பத்து, பத்து, பத்து. அப்புறம் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த வீட்டின் அடிச் சட்டத்தில் டேப்பை வைத்தார். ஏழரை, ஏழரை, ஏழரை, ஏழரை. அதாவது வீடு ஏழரை அடி இடைவெளியில் செய்யப்பட்டிருக்கிறது, எங்களுக்கு அனுப்பியது வேறு ஏதோ மாடலின் வரைபடம். நான் அப்போதே தாளையும் டேப்பையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

இரும்புத் துண்டு வாங்கி வந்து, வெல்டிங் செய்து, முதல் பாகத்தை உட்கார வைக்க நான்கு மணி நேரம் போனது. கிரேன் சும்மா நின்றது. இரண்டாவது லாரி பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால் மாங்காய் ஏற்றிய மூன்று வண்டி. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். சூப்பர்வைசர் போனைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். மறுமுனையில் கம்பெனி ஆள். "எரெக்‌ஷன் சார்ஜ், அதாவது வீட்டைத் தூக்கி வைக்கிற கூலி, எல்லாம் தனி மேடம். இப்போ ஒரு லட்சம் போட்டாதான் ரெண்டாவது யூனிட்டை இறக்க முடியும். இல்லைன்னா வண்டியைத் திருப்பிடுவோம், போயிட்டு வர்ற வாடகையும் உங்க கணக்குலதான் வரும்."

நான் முடியாது என்றேன். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை, வெயிலில் காய் கிடக்கிறது, மண்டிக்குப் போகவேண்டும். எல்லோரும் அப்பாவுக்கு நாற்பது வருடப் பழக்கம். அப்பா என் பக்கத்தில் வந்து, "குடுத்து விடும்மா. எல்லாரும் நிக்கிறாங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். நான் ஜிபேயில் ஒரு லட்சம் அனுப்பினேன். அனுப்பிய எண் கம்பெனி கணக்கு இல்லை, ஒரு தனி ஆளின் எண். பில் கேட்டேன், "அப்புறம் தர்றோம்" என்றார்கள்.

அன்று கொடுத்திருக்கக் கூடாது என்று இப்போது சொல்வது சுலபம். ஆனால் அதற்குள் 8,92,080 ரூபாய் அவர்கள் கைக்குப் போயிருந்தது. 90 சதவீதம் கொடுத்த பிறகு, நடுப்பாதையில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டால், கொடுக்காமல் இருக்க யாராலும் முடியாது. அவர்களுடைய பணம் கட்டும் முறையே அந்த நேரத்துக்காகத்தான் போடப்பட்டிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பத்து நாள் கழித்து வந்த பில்லில் ஒன்பது வரி. லாரி 44,000. கிரேன் 36,000. கிரேன் காத்திருப்பு 14,000. அஸ்திவாரத் திருத்தம் 28,000. இரண்டு பாகத்தை இணைத்துப் பூசியது 65,000. வயரிங் இணைப்பு 18,500. தண்ணீர் லைன் 22,000. ஆட்கள் தங்கியது 9,600. மேற்பார்வை 15,000. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம்தான் அந்த 2,97,478.

நான் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். கிரேன் முதலில். கொட்டேஷனில் 'ஆகும் செலவுப்படி' என்றுதானே இருக்கிறது, ஆன செலவு எவ்வளவு? கிரேன் ஆபரேட்டர் போகும்போது என்னிடம் கையெழுத்து வாங்கிய டிரிப் ஷீட்டின் ரோஸ் நிறக் கார்பன் காப்பி சமையலறை டப்பாவில் கிடந்தது. முதல் நாள் ஒன்பது மணி நேரம், இரண்டாம் நாள் ஐந்து மணி நேரம், மணிக்கு 1,500. மொத்தம் 21,000, காத்திருந்த நேரமும் அதற்குள்ளேயே. எங்களுக்கு அது 50,000 ஆகியிருக்கிறது.

அடுத்து அந்த 65,000. இதில்தான் எனக்குக் கோபம் அடங்கவில்லை. கையெழுத்தான பிளானில் ஹால் பதினாறு அடி அகலம் என்று இருக்கிறது. எட்டும் எட்டும் சேர்ந்தால்தானே பதினாறு? சேர்க்காமல் கொடுத்தால் அது வீடா, இரண்டு பெட்டியா? லாரி டிரைவரிடம் இருந்த இன்வாய்ஸை அன்றே போட்டோ எடுத்திருந்தேன். அதில் 'பிரீஃபேப் ஹவுஸ், 480 சதுர அடி, 1 நம்பர்' என்று இருந்தது. அவர்கள் விற்றது ஒரு வீடு. அதை ஒரு வீடாக ஆக்கிக் கொடுப்பதும், உள்ளே வயரை இணைப்பதும் அந்த 8,40,000-க்குள் வரவேண்டியவை. இதற்கு நடுவில் முதல் கோடை மழைக்கே, 65,000 கேட்ட அதே இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி ஹால் நடுவில் கோடு போட்ட மாதிரி நின்றது. அப்பா ஒரு குண்டானை வைத்துவிட்டு எனக்குச் சொல்லவே இல்லை. நான் போய்ப் பார்த்துத்தான் தெரிந்தது.

நியாயமானதை மறுக்கவில்லை. லாரி 44,000, கிரேன் 21,000, தண்ணீர் லைன் 22,000, ஆக 87,000. ஜிஎஸ்டியோடு 1,02,660. ஒரு லட்சம் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், மீதி 2,660-ம் கடைசி 10 சதவீதமான 99,120-ம் ஒழுகலைச் சரிசெய்த அன்றே தருகிறேன் என்று மெயில் போட்டேன். வந்த பதில் ஒரே வரி: முழுத் தொகை வந்தால்தான் வாரண்டி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். புகாரைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வரும், இவர்கள் வரவில்லை. பிறகு வக்கீல் நோட்டீஸ். அதற்கும் பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டோம். நிறையப் பேர் இந்த இடத்தில் பயந்து விட்டுவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன். 2019-ம் வருடச் சட்டப்படி எதிர்த்தரப்பு எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஐந்திலிருந்து பத்து லட்சத்துக்குள் இருந்ததால் எங்களுக்கு 200 ரூபாய்தான் ஆனது. ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும், அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். வாங்கிய பணத்துக்கு பில் தராததையே அந்தச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்று சொல்கிறது. அந்த ஒரு லட்சத்துக்கு என் கையில் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான், அதையும் வைத்திருக்கிறோம்.

இப்போது வாங்கப் போகிறவர்கள் கொட்டேஷனில் 'ஆகும் செலவுப்படி' என்று பார்த்தால், அதற்குப் பக்கத்தில் 'இதற்கு மேல் போகாது' என்று ஒரு தொகையும், அசல் பில் தருவோம் என்பதையும் எழுத வையுங்கள். 'சைட் வேலை' என்று மொட்டையாக விடாதீர்கள். இறக்குவது, தூணில் உட்கார வைத்துப் போல்ட் போடுவது, பாகங்களை இணைப்பது, இணைப்பில் தண்ணீர் இறங்காமல் அடைப்பது, உள்ளே வயரும் பைப்பும் சேர்ப்பது, ஆட்களின் சாப்பாடும் தங்கலும் என ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அஸ்திவார வரைபடத்தில் அவர்கள் சீலும் கையெழுத்தும் வேண்டும். முடிந்தால் தூண் போடும் முன் பட்டறைக்கே ஒரு டேப்போடு போய், செய்து வைத்திருக்கிற அடிச் சட்டத்தை அளந்துவிட்டு வாருங்கள். நாங்கள் போயிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

எல்லாவற்றையும் விட முக்கியம் பணம் கட்டும் முறை. வண்டி ஏறும்போது 90 சதவீதம் போயிருக்கக் கூடாது. இரண்டு பாகமும் தூணில் உட்கார்ந்த பிறகு ஒரு தவணை, இணைப்பு முடிந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு ஒரு தவணை என்று கால் பங்காவது உங்கள் கையில் நிற்கட்டும். ஒத்துக்கொள்ளாத கம்பெனி என்றால் வேறு கம்பெனி பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும், லாகின் கூட வேண்டாம். தனி ஆள் எண்ணுக்கு ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள்.

எதிர்த்தரப்பு பதில் மனு போட்டிருக்கிறது. அதில் முதல் வரியே 'வாடிக்கையாளர் போட்ட அஸ்திவாரம் தவறானது' என்பதுதான். இதைக் கொத்தனார் அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றார். அந்த நாலாக மடித்த தாளை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம்.