படகு மோட்டாருக்குப் பெட்ரோல் ஏறவில்லையா? பல்பை அமுக்கிப் பார்ப்பதா, டேங்கை மாற்றிப் பார்ப்பதா

பாலாறு ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல்தான். வேலூர்ப் பக்கம் படகு மோட்டார் வைத்திருப்பவர்களுக்குக் கடற்கரைக்காரர்களின் உப்புத் தொல்லை கிடையாது. இங்கே மோட்டாரைக் கெடுப்பது சும்மா கிடப்பது. 2021 நவம்பரில் வந்ததுபோல் ஒரு வெள்ளம் வரும். பத்து மாதம் ஷெட்டில் கிடந்த ரப்பர் படகை அன்றைக்கு இறக்கினால், மோட்டார் இரண்டு நிமிடம் ஓடி, இருமி, நின்றுவிடும். உடனே கார்ப்பரேட்டரைக் கழற்றத்தான் கை போகும். அதற்கு முன்னால், கோளாறு டேங்க், ஹோஸ், பல்பு இருக்கும் பக்கமா, எஞ்சின் பக்கமா என்று பிரித்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி பல்பு. ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் உருண்டையைச் சொல்கிறோம். அதன் மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். எஞ்சின் பக்க முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து அமுக்கினால், சில அமுக்கில் கல் மாதிரி இறுகும். இறுகவே இல்லையென்றால் மூன்று காரணம் இருக்கலாம்: எங்கோ காற்று இழுக்கிறது, பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது, அல்லது கார்ப்பரேட்டர் நீடில் (பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி) மூடாமல் பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கிறது. கடைசியானதை மூக்கே சொல்லிவிடும். எஞ்சின் ஓடும்போது பல்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால் அடைப்பு பல்புக்கு முன்னால்: டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறக்கவில்லை, அல்லது டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் வலையில் அழுக்கு. எஞ்சின் சாகப்போகும் நேரத்தில் பல்பை அமுக்க, உயிர் வந்தால் எஞ்சினில் உள்ள பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) தளர்ந்திருக்கும், இல்லை ஹோஸ் காற்று இழுக்கும். பல்பு இறுக்கமாகவே இருந்து, அமுக்கியும் எஞ்சின் நின்றால் ஃபில்டருக்கோ கார்ப்பரேட்டருக்கோ போங்கள்.

“ஹோஸ் எங்கேயும் ஒழுகல, நல்லாத்தான் இருக்கு” என்பார்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பல்பை இறுக்கி வைத்துக்கொண்டு இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் சில கசிவுகள் குமிழியாகத் தெரியும். கொத்தனார் மட்டம் பார்க்கும் குழாயை ஹோஸுக்குப் பதில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோலில் அது சீக்கிரமே விறைத்து, கிளிப் போட்ட இடத்தில் பிளந்துவிடும்.

இரண்டாவது வழி, நல்லதென்று தெரிந்த வேறு டேங்கை, அதற்கான ஹோஸ், பல்போடும் புதுப் பெட்ரோலோடும் மாட்டி ஓட்டுவது. ஓடினால் கோளாறு பழைய டேங்க் பக்கம், சந்தேகமே வேண்டாம். பல்பால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றையும் இது காட்டிக்கொடுக்கும்: கெட்டுப்போன பெட்ரோல். இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், உறிஞ்சும் குழாய் இருப்பதும் அங்கேதான். பெட்ரோலுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போனாலும் பல்பு கல்லாக இறுகும். ஆனால் எஞ்சினோடு இருக்கும் கனெக்டர் முனை இரண்டு டேங்குக்கும் பொது. அங்கே கசிந்தால் டேங்கை மாற்றியும் பலன் இல்லை. கனெக்டர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் இரவல் டேங்க் பொருந்தாமலும் போகலாம்.

எங்கள் கணக்கில் பல்புதான் முதலில். செலவில்லை, ஆற்றின் நடுவிலும் செய்யலாம். கூடவே டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் விடை கிடைத்தது. மீட்புப் படகு வைத்திருப்பவர்களிடம் மட்டும் இரண்டாவது டேங்க் கட்டாயம் இருக்க வேண்டும். 2, 2.5 குதிரைத் திறன் சிறிய மோட்டார் பலவற்றில் டேங்க் தலையிலேயே இருக்கும், பல்பும் கிடையாது. மூடியின் காற்றுத் துளையையும் திறப்புக் குழாயையும் பார்த்தால் போதும்.

கோளாறு கார்ப்பரேட்டரில்தான் என்றால், கழுவுவதா புதிதா? சோக் போட்டால்தான் ஓடுகிறது, மெதுவோட்டத்தில் நிற்கிறது என்றால் பைலட் ஜெட் (மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) அடைப்பு, கழுவினால் சரியாகும். ஸ்ப்ரேயும் காற்றும் போதும், கம்பி விடாதீர்கள்; பித்தளைத் துளை பெரிதாகிவிடும். நீடில் முனையில் வளையமாகத் தேய்மானம் இருந்தால் காஸ்கெட்டோடு கிட் வாங்கிப் போடுங்கள். உடல் அரித்திருந்தால் மட்டுமே புதிது, அதுவும் அதே மாடலுக்கானது. ஜெட் அளவு குறைந்த டூப்ளிகேட் 2 ஸ்ட்ரோக்கில் ஆபத்து: பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மெயின் ஜெட் (வேகமாக ஓடும்போது பெட்ரோல் விடும் துளை) அடைத்த மோட்டாரை இழுத்து ஓட்டினாலும் இதே கதிதான். தண்ணீர் டிரம்மில் வைத்துச் சோதித்தால் மெயின் ஜெட் கோளாறு தெரியாது, பாரம் ஏறாததால் அங்கே நன்றாகவே ஓடும். டிரம் இல்லாமல் காய்ந்த தரையில் ஓட்டவே கூடாது; குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் நொடிகளில் கருகும்.

அடுத்த மழை வரை வைப்பது எப்படி என்பதிலும் இரண்டு கட்சி. டேங்க் நிறைய வைத்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடமில்லை, துரு பிடிக்காது என்பது ஒன்று; காலி செய்து வைப்பது மற்றொன்று. எத்தனால் பெட்ரோலில், அக்னி நட்சத்திர வெயிலில், நிறைத்து வைப்பது இங்கே சரிப்படாது. நிலையாகப் பொருத்திய இரும்பு டேங்காக இருந்தால், ஸ்டெபிலைசர் (பெட்ரோல் சீக்கிரம் கெடாமல் காக்கும் திரவம்) கலந்து ஒப்புக்கொள்ளலாம். கழற்றும் பிளாஸ்டிக் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். டிரம்மில் ஓடும்போதே ஹோஸைப் பிடுங்கி எஞ்சின் தானாக நிற்கும்வரை விட்டு, கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் வடிதிருகையும் திறந்துவிடுங்கள். ஆயில் கலந்த மிச்சத்தைக் கலவை விகிதம் ஒத்துப்போனால் மருந்தடிக்கும் 2 ஸ்ட்ரோக் மிஷினில் தீர்க்கலாம்.

பயன்பாட்டில் இருக்கும் நாட்களிலும் படகை வெயிலில் நிறுத்தினால் ஹோஸைக் கழற்றிவிடுங்கள். காற்றுத் திருகு மூடிய டேங்க் சூட்டில் உப்பி, நீடிலையும் மீறிப் பெட்ரோலை எஞ்சினுக்குள் தள்ளும். திரும்பி வந்து கயிறு இழுத்தால் பிளக் நனைந்திருக்கும், பெட்ரோல் வரவில்லை என்று மறுபடியும் கார்ப்பரேட்டரைத்தான் கழற்றுவீர்கள்.