ஏற்காட்டுக்குச் சுமந்து போன இரும்பு நாற்காலி

ஏமாற்றியது விற்றவர்தான். ஆனால் அவர் தப்பித்துப் போக வழி வெட்டிக் கொடுத்தது நான், அதுவும் ஆக்சா பிளேடு போட்டு. சைக்கிளில் கேம்பிங் போகிறவர்கள் நாற்காலி வாங்கும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நானும் என் சித்தப்பா மகனும் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை சைக்கிளில் ஏற்காடு ஏறுவோம். தெரிந்தவர் காபித் தோட்டத்தில், சில்வர் ஓக் மரத்தடியில், கேட்டுக்கொண்டு டெண்ட் போடுவோம். (காட்டுக்குள் இஷ்டத்துக்குப் போட முடியாது, வனத்துறை பிடிக்கும்.) சாயந்திரமானால் மண்ணின் ஈரம் பேண்ட்டில் ஏறிவிடும். நாற்பதைத் தாண்டிய முட்டியை வைத்துக்கொண்டு அதில் சம்மணம் போட்டுச் சமைக்க முடியவில்லை. அதனால்தான் மடக்கு நாற்காலி தேடினேன்.

குழாய்க்குள் எலாஸ்டிக் கயிறு ஓடும், உதறினால் தானாகப் பொருந்திக்கொள்ளும், நடுவில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பு, துணியின் நாலு மூலையைக் குழாய் முனையில் மாட்டினால் நாற்காலி. ஹெலினாக்ஸ் என்ற கொரியக் கம்பெனி பிரபலமாக்கிய அமைப்பு இது. அசல் கிட்டத்தட்ட ஒரு கிலோதான், ஆனால் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. இன்ஸ்டாகிராமில் விற்கும் சேலத்துக்காரர் ஒருவர் அதே மாதிரி 1,650 ரூபாய்க்குப் போட்டிருந்தார். 7075 என்ற கெட்டியான அலுமினிய ரகம், 950 கிராம், 150 கிலோ தாங்கும், மடக்கினால் 35 செ.மீ. நம்ம ஊர் ஆள்தானே என்று ஜிபேயில் பணம் போட்டேன். பில் கேட்கவில்லை.

புதன்கிழமை வந்தது. மடக்கினால் 43 செ.மீ. கேரியர் பைக்குள் போகவில்லை. பழைய டியூபை வைத்து கேரியர் மேலேயே கட்டியிருக்கலாம், அந்த நேரத்தில் புத்தி அங்கே போகவில்லை. நாலு காலிலும் 5 செ.மீ. வெட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அலுமினியக் குழாய் என்றால் ஆக்சா பிளேடுக்கு லேசாக அறுபடும். இது கீச்சென்று கத்தியது. மூன்றாவது காலிலேயே பிளேடு மழுங்கிவிட்டது. சந்தேகம் வந்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன். பச்சக்கென்று பிடித்துக்கொண்டது. சில்வர் பெயிண்ட் அடித்த இரும்பு. சமையலறைத் தராசில் வைத்தால், வெட்டிய பிறகும் 1,640 கிராம்.

அன்றைக்கே திருப்பிக் கொடுக்கப் போயிருக்க வேண்டும். "வாங்கியாச்சுல்லண்ணா, ஒருவாட்டி எடுத்துட்டுப் போய்ப் பார்ப்போம்" என்றான் தம்பி. சனிக்கிழமை கிளம்பிவிட்டோம். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும், சொன்னதைவிடக் கூடுதலான அந்த எழுநூறு கிராம் பின்னாலிருந்து என்னைப் பிடித்து இழுத்தது. வீட்டில் கிடக்கும் வெட்டுத் துண்டுகளை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

என் எடை 74 கிலோ. முதல் அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. அடுப்பை அணைக்க எழுந்து போய், சுக்குக் காபி டம்ளரோடு திரும்பி வந்து உட்கார்ந்தேன். டப். நடு பிளாஸ்டிக் இரண்டாகப் பிளந்தது. காபி முழுக்க ஸ்லீப்பிங் பேக் மேல். மெதுவாக எடையை வைப்பது வேறு, தொப்பென்று உட்காருவது வேறு. திடீரென்று ஏறும் பாரம் குறைந்தது இரண்டு மடங்காகத் தாக்கும். அப்படியே பார்த்தாலும் 150 கிலோ என்று எழுதியவன் அதையும் கணக்கில் வைத்துத்தானே எழுத வேண்டும்?

இறங்கியதும் விற்றவருக்குப் போன் போட்டேன். போட்டோ கேட்டார், அனுப்பினேன்.

"அண்ணா, கால வெட்டிருக்கீங்களே. மாடிஃபை பண்ணா ரிட்டர்ன் இல்லீங்கண்ணா."

"உடைஞ்சது காலு இல்லீங்க, நடுவுல இருக்கற பிளாஸ்டிக். அது போகட்டும், அலுமினியம்னு சொல்லி இரும்ப குடுத்திருக்கீங்களே?"

"அது அலாய்ங்கண்ணா. அலாய்னா எல்லாம் கலந்துதான் இருக்கும்."

இரும்பாலை இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இரும்பை அலாய், அதாவது கலப்பு உலோகம், என்கிறார். 7075 அலுமினியத்தில் முக்கியமாகக் கலப்பது துத்தநாகம், மெக்னீசியம், செம்பு. காந்தம் அதில் ஒட்டவே ஒட்டாது.

மறுநாள் பார்த்தால் விளம்பரத்தில் அலுமினியம் என்ற வார்த்தையே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். பில் இருக்கிறதா, பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா என்றார்கள். என்னிடம் இருந்தது ஜிபே ரசீதும் நாலு இரும்புத் துண்டும். விளம்பரத்தில் சொன்ன மாதிரி பொருள் இல்லாவிட்டால் ஆன்லைனில் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020 இ-காமர்ஸ் விதிகளில் இருக்கிறது. அதை எழுதி விற்றவருக்கு அனுப்பினேன். பிளாக் செய்துவிட்டார்.

ஆகவே, பணம் போடும் முன் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வந்த அன்றே காந்தம் வையுங்கள், தராசில் வையுங்கள், டேப்பில் அளந்து பாருங்கள், வீட்டுத் தரையிலேயே நாலு நாள் எழுந்து எழுந்து உட்காருங்கள். துணி மூலைத் தையலை இழுத்துப் பாருங்கள், பிளாஸ்டிக்கில் எங்காவது வெள்ளைக் கோடு விழுகிறதா என்று பாருங்கள். அதெல்லாம் முடிகிற வரை ஆணி அளவுக்குக்கூட எதையும் மாற்றாதீர்கள். வெட்டுவதற்கு என்ன அவசரம்? எனக்கு இருந்தது.

இப்போது என்னிடம் இருப்பது முக்காலி. அரை மீட்டர் நீளத்தில் மூன்று அலுமினியக் குழாய், சுவர் தடிமன் 1.5 மி.மீ. (அதைவிட மெலிசானால் துளை போட்ட இடத்தில் மடங்கும்.) கடையிலேயே காந்தம் வைத்துப் பார்த்து வாங்கினேன், கடைக்காரர் சிரித்தார். நடுவில் இரண்டு குழாயை ஒரு நீள போல்ட் கோர்க்கும், மூன்றாவதில் கண் வைத்த போல்ட் ஒன்று, அதன் வளையத்துக்குள் அந்த நீள போல்ட் போகும். மேலே முக்கோணமாகக் கேன்வாஸ் துணி. மூலைகளில் பை தைக்கிறவர் நாடா வைத்து மூன்று ஓட்டு ஓட்டிக் கொடுத்தார். மொத்தம் 520 கிராம். மூன்று கால் என்பதால் மேடு பள்ளத்திலும் ஆடாது. மலை மண்ணில் புதையாமல் இருக்கக் கால் நுனியில் அகலமான ரப்பர் புஷ் மாட்டியிருக்கிறேன். சாய முடியாது, அது ஒன்றுதான் குறை. மடக்கினாலும் பைக்குள் போகாது, சைக்கிள் பிரேமோடு சேர்த்து டியூபால் கட்டிக்கொள்கிறேன்.

உடைந்த நாற்காலியின் துணி மட்டும் நன்றாகத்தான் இருந்தது. முக்காலிக்கு அதைத்தான் வெட்டித் தைத்திருக்கலாம், ஆனால் அதில் உட்கார மனசு வரவில்லை.