ஃபெல்கோ 2 கவாத்துக் கத்தரி: பின்பனிக் கவாத்துக்கு எவ்வளவு தாங்கும்?

இலை உதிர்த்த மரங்கள் இன்னும் உறக்கத்தில் இருக்கும்போதே, மொட்டு உப்புவதற்குள், கவாத்தை, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டிச் சீராக்குவதை, முடித்தாக வேண்டும். நாலைந்து ஆப்பிள் மரம், ஒரு ரோஜா வரிசை, வேலியோரம் ஒரு திராட்சைக்கொடி என்று இருந்தாலே ஒரே நாளில் நூற்றுக்கணக்கான வெட்டுகள் விழும். அந்த வேலைக்குக் கத்தரி தேடுகிறவர்கள் காதில் முதலில் விழும் பெயர் ஃபெல்கோ 2.

1945-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய நிறுவனத்தின் மாடல் இது. நீளம் 21.5 செ.மீ., எடை 240 கிராம். கைப்பிடி அடித்து உருவாக்கிய அலுமினியம், மேலே சிவப்பு உறை. ஒரு பக்கம் கூரான வெட்டும் அலகு, மறுபக்கம் கிளையைப் பிடித்துக்கொள்ளும் வளைந்த கொக்கி அலகு. இரண்டும் கத்தரிக்கோல்போல உரசிக் கடக்கும். கொக்கியில் ஒரு பள்ளம் ஓடுகிறது. சாறும் பிசினும் அதில் வடிவதால் அலகுகள் ஒட்டிக்கொள்வது குறைகிறது. அடிப்பக்கம் மெல்லிய கம்பி வெட்ட ஒரு சிறு வெட்டுவாய் உண்டு. கொடி கட்டிய கம்பியை அதில்தான் வெட்ட வேண்டும். கூர்முனையில் வைத்து வெட்டினால் ஒரே தடவையில் பல் விழும்.

நிறுவனம் சொல்லும் உச்ச அளவு 25 மி.மீ. பச்சைக் கிளை என்றால் அதுவரை போகலாம்தான், ஆனால் 20 மி.மீ.க்கு மேல் போனால் கை மணிக்கட்டைத் திருப்ப ஆரம்பிக்கும். கத்தரி கெடுவது அங்கேதான். வெட்டுப்படாத கிளையில் கத்தரியை முறுக்கினால் இரண்டு அலகும் பக்கவாட்டில் விலகும், நடு போல்ட்டில் ஆட்டம் வந்துவிடும். விரல் தடிமன்வரை இது. அதற்கு மேல் நீளக்கைப்பிடிக் கத்தரி. அதற்கும் மேல் ரம்பம். காய்ந்து கல்லான பட்ட கிளையையும் ரம்பத்துக்கே விடுங்கள்.

பிடிக்கும் திசையைப் பலர் கவனிப்பதில்லை. கூரலகு மரத்தில் தங்கும் பக்கம் இருக்க வேண்டும், கொக்கி விழப்போகும் துண்டின் பக்கம். மாற்றிப் பிடித்தால் கொக்கியின் தடிமன் அளவுக்குக் கட்டை மிஞ்சும், தங்குகிற பட்டையும் நசுங்கும். அந்தக் கட்டை காய்ந்து அழுகல் உள்ளே இறங்க வழியாகிவிடும். கிளையை முழுதாக எடுக்கும்போது, அது தண்டோடு சேரும் இடத்தில் தெரியும் புடைப்பை விட்டுவிட்டு அதை ஒட்டி வெட்டினால் போதும். மரம் தானே மூடிக்கொள்ளும், பெயின்ட் பூச வேண்டியதில்லை. குறுக்குவதாக இருந்தால் வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்கு மேலே 5 மி.மீ. விட்டு, மொட்டுக்கு எதிர்ப்புறம் சரியும்படி. ஃபெல்கோவின் கூரலகு ஒல்லியாக இருப்பதால் நெருக்கமான கவட்டைக்குள்ளும் நுழையும். மலிவுக் கத்தரிகளின் தடித்த அலகு தோற்பது இங்கேதான்.

இந்தக் கத்தரிக்குக் காசு கொடுப்பது உண்மையில் நடுவில் இருக்கும் பல்வைத்த நட்டுக்குத்தான். பக்கத்தில் ஒரு சிறு பல்தகடு அதைப் பூட்டி நிற்கும். அலகுக்கு நடுவே இலை மடிந்து சிக்கினாலோ, வெட்டில் பட்டை நார்நாராக உரிந்தாலோ கூர் மழுங்கியதாக நினைத்துச் சாணைக்கு ஓடுவார்கள். பாதி நேரம் நட்டுத்தான் தளர்ந்திருக்கும். தகட்டின் திருகைக் கழற்றி, நட்டை ஒரு பல் இறுக்கி, தகட்டைத் திரும்ப மாட்டுங்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்துப் பாருங்கள்: மற்றது தன் எடையில் தொங்கி விழக் கூடாது, விரலால் தள்ளினால் சிக்காமல் நகர வேண்டும். அலகுக்கு நடுவே பக்கவாட்டு ஆட்டமே இருக்கக் கூடாது.

தீட்டும்போது சரிவுள்ள வெளிப்பக்கத்தை மட்டும், ஏற்கெனவே இருக்கும் அதே சாய்வில், அடியிலிருந்து நுனி நோக்கி வைர அரத்தால் நாலைந்து இழுப்பு. உள்பக்கத்தில் எழும் பிசிரை எடுக்க அரத்தைத் தட்டையாக வைத்து ஒரே ஒரு தேய்ப்பு. உள்பக்கத்தையும் சாய்த்துத் தீட்டிவிட்டால் அலகுகளுக்கு இடையே இடைவெளி விழுந்துவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் வெட்டாது, மெல்லும். கொக்கியைத் தீட்டவே வேண்டாம்.

நோய் பட்ட மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் 70% ஆல்கஹாலால் துடைத்தால் போதும். பிசினும் அதிலேயே கரையும். பிளீச்சிங் கரைசல் உலோகத்தை அரிக்கும், தவிர்ப்பது நல்லது. வேலை முடிந்ததும் நட்டுப் பக்கம் ஒரு சொட்டு எண்ணெய்.

குறைகள் இல்லாமல் இல்லை. கைப்பிடி பெரிய உள்ளங்கைக்காகச் செய்தது. சின்னக் கைக்கு முழுதாக விரித்துப் பிடிப்பதே சிரமம், அவர்களுக்கு அதே நிறுவனத்தின் 6-ம் எண் பொருந்தும். இடக்கைக்காரர்களுக்கு 9-ம் எண் தனியாக உண்டு, 2-ஐ வாங்கிச் சமாளிக்க நினைக்க வேண்டாம். சுருள் ஸ்பிரிங் இரண்டு முளைகளுக்கு நடுவே வெறுமனே அமர்ந்திருக்கிறது. கத்தரி கீழே விழுந்தால் தெறித்துப் புல்லுக்குள் போய்விடும். உதிரி ஸ்பிரிங் ஒன்றைக் கத்தரியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், உதிரிப்பாக எண் 2/91. மாற்று வெட்டும் அலகின் எண் 2/3. கொக்கி அலகு மட்டும் ரிவெட் அடித்துப் பொருத்தியது, மாற்றுவது கைவேலைக்காரர் பாடு. விலையும் சாதாரணக் கத்தரியைவிடப் பல மடங்கு. ஆண்டுக்கு நாலு ரோஜாச்செடி வெட்டுகிறவருக்கு இது அதிகப்படி.

அலங்காரப் புல் கொத்துகளை இதனால் வெட்டாதீர்கள். புல்லில் சிலிக்கா இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும். கயிற்றால் கொத்தை இறுக்கிக் கட்டி, 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் வேலிக் கத்தரியால் வெட்டினால் கட்டுக்கட்டாக வந்துவிடும்.

கத்தரி நன்றாக வெட்டுகிறதே என்று இந்த நேரத்தில் எல்லாவற்றையும் வெட்டவும் கூடாது. லைலாக், ஃபார்சித்தியா போன்ற பூப்புதர்கள் போன பருவக் கிளையில்தான் வசந்தத்தில் பூக்கும். இப்போது கை வைத்தால் அந்த ஆண்டுப் பூ முழுக்கப் போச்சு, பூத்து முடிந்த பிறகு வெட்டுங்கள். செர்ரி, பிளம் மரங்களைக் குளிர்காலத்தில் வெட்டினால் வெட்டுக்காயம் வழியே வெள்ளியிலை நோய்ப் பூஞ்சை ஏறும். அவற்றுக்குக் கோடை.